வேக்யூமா, பை மெஷினா? வீட்டுத் தச்சுப் பட்டறைத் தூளுக்கு எது சரி

எதிர் வீட்டுத் தம்பி டேபிள் சா, அதாவது மேஜையில் பொருத்திய மின் ரம்பம், வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். தலைமுடி, புருவம், செருப்பு எல்லாம் ஒரே நிறம்.

"அண்ணே, ரெண்டு எச்பி டஸ்ட் கலெக்டர் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். வாங்கிடட்டுமா?"

"உன்கிட்ட என்னென்ன மெஷின் இருக்கு?"

"டேபிள் சா, ரவுட்டர், சாண்டர். பிளானர் அடுத்த வருஷம்."

"சாண்டரோட வாய் எவ்வளவு அகலம்?"

சாண்டர் என்பது உப்புத்தாளை ஓட்டிப் பலகையைத் தேய்க்கும் மெஷின், வாய் என்பது அதிலிருந்து தூள் வெளியேறும் ஓட்டை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினான். ஒரு ரூபாய் நாணயம் நுழையும், அவ்வளவுதான். அவன் வாங்க நினைத்த மெஷினின் குழாயோ நான்கு அங்குலம். ஒரு சின்னச் சொம்பே உள்ளே போகும். தூள் உறிஞ்சும் மெஷின் வாங்குவதில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. நானும் அப்படி ஒரு தவறு செய்துவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

பெங்களூர் ராமமூர்த்தி நகரில் முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் எங்கள் வீடு. கார் நிறுத்தும் இடத்தின் பின்பாதிதான் என் பட்டறை. பெங்களூரில் வீட்டில் மரவேலை செய்கிறவர்களில் நிறையப் பேருக்கு இவ்வளவு இடம்தான், இல்லையென்றால் மொட்டை மாடியில் ஒரு ஷீட் கொட்டகை. ஒரு நேரத்தில் ஒரு மெஷின்தான் ஓடும், வேலை செய்வதும் ஒரே ஆள். இனி சொல்வதெல்லாம் அப்படிப்பட்ட பட்டறைக்குத்தான். நாலு பேர் வேலை செய்யும் ஃபர்னிச்சர் கடைக்குக் கணக்கு வேறு.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்து பார்க்கலாம். இரவில் அரை மணி நேரம் சாண்டர் ஓட்டிவிட்டு, தரையைச் சுத்தமாகக் கூட்டி, சாப்பிடப் போய்விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்து, விளக்கைப் போடாமல் டார்ச்சை மட்டும் பக்கவாட்டில் அடியுங்கள். கூட்டி முடித்த அறையில், அந்த ஒளிக்குள் மாவு மாதிரி ஒன்று இன்னும் மிதந்துகொண்டிருக்கும். காலில் ஒட்டும் தூள் வீட்டுக்காரிக்குத்தான் பிரச்சினை. நுரையீரலுக்குப் பிரச்சினை இந்த மிதக்கும் தூள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். பத்து மைக்ரானுக்குக் கீழே உள்ள துகளைத் தனித்தனியாகக் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு தலைமுடியே ஐம்பது, எழுபது மைக்ரான் தடிமன் இருக்கும். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் குழுவில் சேர்த்து 1995லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. மூக்கும் மூக்கை ஒட்டிய எலும்பறைகளும்தான் முக்கியமாகப் பாதிக்கப்படும் இடங்கள். அது பெரும்பாலும் வருடக்கணக்கில் மரத்தூளிலேயே வேலை செய்தவர்களை வைத்துச் சொன்னது, ஞாயிற்றுக்கிழமைத் தச்சர்களை வைத்து அல்ல. பயந்து கடையை மூட வேண்டாம். ஆனால் தரை சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து மெஷினுக்கு மார்க் போடாதீர்கள்.

கருவிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் போய் "தூள் உறிஞ்ச ஏதாவது இருக்கா" என்று கேட்டால் கடைக்காரர் முதலில் கையில் கொடுப்பது ப்ளோயர். கையில் பிடிக்கிற மாதிரி இருக்கும். ஒரு பக்கம் ஊதும், திருப்பி மாட்டினால் உறிஞ்சும், பின்னால் ஒரு துணிப்பை. இன்டீரியர் வேலை செய்யும் ஆட்கள் எல்லோரிடமும் இது ஒன்று இருக்கும். விலையும் குறைவு. வேலை முடிந்ததும் தெருவுக்குச் சீவலை ஊதித் தள்ள இது போதும். உறிஞ்சுவதற்கு என்று எண்ணி வாங்கினால், தரையில் படுத்திருந்த தூளை எழுப்பி மூக்கு உயரத்துக்குக் கொண்டுவரும் மெஷினாகத்தான் அது இருக்கும். இதை இதோடு விட்டுவிடுகிறேன்.

உண்மையான போட்டி இரண்டு பேருக்கு நடுவில். ஒன்று, ஈரம் உலர் இரண்டும் இழுக்கும் வேக்யூம் கிளீனர். இன்னொன்று, மேலே ஒரு துணிப்பை, கீழே ஒரு பிளாஸ்டிக் பை, நடுவில் மோட்டார் என்று நிற்கிற டஸ்ட் கலெக்டர். பேச வசதியாக அதைப் பை மெஷின் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் காற்றைத்தான் இழுக்கின்றன, ஆனால் இழுக்கிற விதம் வேறு. நல்ல வேக்யூம் தண்ணீரைக் குழாயில் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரத்துக்கு இழுத்து நிறுத்தும். பை மெஷினால் கால் மீட்டருக்கு இழுக்க முடிந்தால் அதிகம். ஆனால் இழுக்கும் காற்றின் அளவில் நிலைமை தலைகீழ். வேக்யூம் நிமிடத்துக்கு நூறு, நூற்றைம்பது கன அடி இழுத்தால், பை மெஷின் அதன் நான்கைந்து மடங்கை இழுக்கும். இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதற்கும் டேபிள் ஃபேன் சுற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதை வைத்து இளநீர் குடிக்க முடியாது.

தம்பி செய்ய இருந்தது அதைத்தான். நான்கு அங்குலக் குழாயில், வாயைச் சின்னதாக்கும் ஒரு ரெட்யூசரைச் செருகிச் சாண்டரின் சின்ன வாயில் மாட்டினால், பை மெஷினின் மெல்லிய இழுப்பு அந்த இடுக்கிலேயே செத்துப்போகும். மோட்டார் ஹாயாகச் சுற்றும், தூள் பலகை மேலேயே கிடக்கும். இதையே திருப்பிச் செய்தாலும் பலன் இல்லை. பலகையைச் சீவும் பிளானரின் நான்கு அங்குல வாயில் வேக்யூமை மாட்டினால், இரண்டே நிமிடத்தில் சீவல் குழாய்க்குள் பந்தாகச் சுருண்டு அடைத்துவிடும்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் சிஎஃப்எம் எண்ணை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற கணக்கை, அப்படியே நம்ப வேண்டாம். அது குழாயும் பையும் மாட்டாமல் மோட்டார் காற்றை மட்டும் தள்ளும்போது எடுத்த கணக்கு. குழாயில் சீவல் தேங்காமல் ஓட நிமிடத்துக்கு 4,000 அடி வேகம் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் வழக்கமான கணக்கு. அந்த வேகத்தில் நான்கு அங்குலக் குழாயில் போவது 350 சிஎஃப்எம். இரண்டரை அங்குலத்தில் 136. ஆறு அங்குலத்தில் 785. ஆக, பெட்டியில் 1,200 என்று போட்டிருந்தாலும் நான்கு அங்குலக் குழாயின் முனையில் அந்த 1,200 வந்து சேராது. இன்னொரு சின்ன விஷயம்: பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்று கொஞ்சம் மெலிசு. சென்னையில் இழுக்கிற இழுப்பில் எட்டுப் பத்து சதவீதம் இங்கே குறையும். இதற்காக யாரும் மெஷினை மாற்றப் போவதில்லை, சும்மா தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

பை மெஷின் எங்கே ஜெயிக்கிறது என்றால் சீவலில். பன்னிரண்டு அங்குலப் பிளானரில் ஒரு தேக்குப் பலகையை நாலு தடவை விட்டால் ஒரு சிமென்ட் மூட்டை நிறையச் சீவல் வரும். அதைச் சலிக்காமல் விழுங்கக்கூடியது இது ஒன்றுதான். இண்டக்‌ஷன் மோட்டார், நிமிடத்துக்கு 2,800 சுற்றுதான், கார்பன் பிரஷ் கிடையாது, ஹ்ம்ம் என்று ஒரே சுருதியில் ஓடும், பல வருடம் உழைக்கும். பிரச்சினை மேலே உள்ள பையில். விலை குறைந்த மாடல்களோடு வரும் துணிப்பை முப்பது மைக்ரான் வரைதான் பிடிக்கும். சீவல் எல்லாம் கீழே விழ, நான் டார்ச்சில் காட்டிய அந்த மாவு மட்டும் துணியின் கண்கள் வழியாக வெளியே வந்து, அறை முழுக்கச் சீராகப் பரவும். தூள் சேர்க்கும் மெஷின் என்று காசு கொடுத்துத் தூள் தூவும் மெஷினை வாங்கிய கதை. இதைத் தவிர்க்க இரண்டே வழி: ஒரு மைக்ரான் வரை பிடிக்கும் மடிப்பு ஃபில்டரைத் தனியாக வாங்கி மாட்டுவது, இல்லையென்றால் மெஷினையே அறைக்கு வெளியே வைப்பது.

வெளியே வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் நாம் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்கா, கனடாவிலிருந்து வருபவை. உறிஞ்சிய காற்றை வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விட வேண்டும் என்று அவர்கள் அடித்துச் சொல்வார்கள். காரணம் சுகாதாரம் இல்லை, குளிர். பனிக்காலத்தில் ஹீட்டர் போட்டுச் சூடாக்கிய காற்றை நிமிடத்துக்கு எண்ணூறு கன அடி வெளியே தள்ளினால் கரன்ட் பில் தாங்காது. நமக்கு அந்தக் கவலையே இல்லை. டிசம்பரில்கூட ஷட்டரைப் பாதி திறந்து வைத்துத்தான் வேலை செய்கிறோம். காற்றை வெளியே தள்ளிவிட்டால் விலை உயர்ந்த ஃபில்டரின் தேவையே பெருமளவு போய்விடும். நான் பார்த்தவரை இங்கே யாரும் இதை யோசிப்பதில்லை. அவர்கள் ஊர்ப் பனிக்கு நாம் இங்கே ஃபில்டர் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் முப்பதுக்கு நாற்பது சைட்டில் ‘வெளியே’ என்பது யாருடைய வெளி என்று ஒரு கேள்வி இருக்கிறது. என் பக்கச் சுவருக்கும் அடுத்த வீட்டு ஜன்னலுக்கும் நடுவில் நாலடிகூட இல்லை. நான் ஆரம்பத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை அந்தப் பக்கம் பார்த்து வைத்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா, கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் என் முன்னால் ஒரு உதறு உதறினார். தேக்கு வாசம் கமகமவென்று வந்தது. "தூளு, நோடி" என்றார் கன்னடத்தில். மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. ஃபேனை அன்றே தெருப்பக்கம் மாற்றினேன். மாடிக் கொட்டகை உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் பை மெஷினை வெளியே ஒரு ஷீட்டுக்கு அடியில் வைத்துவிடலாம், மழையில் நனையாமல் பார்த்துக்கொண்டால் போதும். பையில் ஈரம் பட்டால் தூள் கட்டிபிடித்துப் பூஞ்சை பூத்துவிடும்.

இப்போது வேக்யூம். சாண்டர், ரவுட்டர், ஜிக்சா, ட்ரிம்மர் என்று கையில் பிடிக்கும் மெஷின் எல்லாவற்றுக்கும் இதுதான் சரி. இவற்றின் வாய் சின்னது, அந்த வாயிலேயே பலமாக இழுக்க வேண்டும். உண்மையில் கெட்ட தூளை அதிகம் கிளப்புவது சாண்டர்தான். எம்டிஎஃப், அதாவது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, வெட்டுகிறவர்களுக்கு இன்னும் மோசம். மாவைவிட மெல்லிய தூள், அதோடு யூரியா ஃபார்மால்டிஹைட் பசையும் சேர்ந்து. ஈட்டி மரம் சிலருக்குத் தோலைத் தடிக்க வைக்கும், தேக்கு அரிக்கும். ஆகவே காசு ஒரு மெஷினுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் சாண்டர் பக்கம்தான் நிற்பேன். ஹெபா தரத்து ஃபில்டர் கிடைக்கும் மாடலாகப் பாருங்கள், 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதைத்தான் ஹெபா என்பார்கள். பாஷின் காஸ் 15 பிஎஸ் போன்ற சில மாடல்களில் வேக்யூமின் உடம்பிலேயே ஒரு பிளக் பாயின்ட் இருக்கும். சாண்டரை அதில் செருகினால் சாண்டரை ஆன் செய்ததும் வேக்யூமும் தானாக ஓடும், நிறுத்தினால் சில நொடி கழித்து நிற்கும். ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன். குனிந்து ஸ்விட்ச் போட வேண்டியிருந்தால் ‘ரெண்டு நிமிஷ வேலைதானே’ என்று போடாமலே விட்டுவிடுவோம் என்பது அனுபவத்தில்தான் தெரிந்தது.

வேக்யூமுக்குக் குறை இரண்டு. ஒன்று சத்தம். சின்ன மோட்டார் பேய் வேகத்தில் சுற்றுவதால் கிறீச்சென்று கத்தும். மதியம் இரண்டு மணிக்கு அக்கம்பக்கத்தில் குழந்தை தூங்குகிறதா என்று யோசிக்க வேண்டும், நீங்களும் காதுக் கவசம் மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஒரு ஷீட் எம்டிஎஃப் வெட்டி முடிப்பதற்குள் இழுப்பு பாதியாகிவிடும். இதற்குத்தான் நடுவில் ஒரு சைக்ளோன். கூம்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாமான். காற்று அதற்குள் சுழன்று போகும்போது கனமான தூள் சுவரில் ஒட்டிச் சுற்றிக் கீழே உள்ள வாளியில் விழும், மெல்லிய காற்று நடுவில் எழும்பி வேக்யூமுக்குப் போகும். முறத்தில் புடைத்து உமியைப் பிரிக்கிற அதே வேலை, கைக்குப் பதில் சுழற்சி. வருகிற தூளில் பெரும்பங்கு வாளியிலேயே நின்றுவிடும். மிக மெல்லியது மட்டும் தாண்டும், அதனால் ஃபில்டர் தேவை இல்லை என்று ஆகாது. அடைக்கிற வேகம்தான் குறையும்.

வாளியில்தான் நான் ஏமாந்தேன். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய இருபது லிட்டர் பெயிண்ட் வாளி இருந்தது. மூடியில் ஓட்டை போட்டு, சைக்ளோனைத் திருகி, சிலிக்கான் பூசி, அழகாகத்தான் செய்தேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது. ஒரு நாள் குழாய் முனையில் ஒரு துணித்துண்டு போய் அப்பிக்கொண்டது. டொப் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் வாளி, யாரோ காலால் மிதித்த தகர டப்பா மாதிரி இடுப்பில் ஒடுங்கி நிற்கிறது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழாய் முழுக்க அடைத்தால் நல்ல வேக்யூம் உண்டாக்கும் வெற்றிடத்தில், முப்பது சென்டிமீட்டர் அகல மூடியின் மேல் மட்டும் வெளிக்காற்று அழுத்துவது சுமார் 150 கிலோ. அதாவது இரண்டு ஆள் ஏறி நிற்பதற்குச் சமம். அதற்கப்புறம் பழைய டிரம் கடையில் தடித்த நீல நிற டிரம் ஒன்று, இரும்பு வளையம் போட்டு மூடுவது, வாங்கி வந்தேன். இன்றுவரை அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்று மட்டும், டிரம் மூடியில் காற்றுக் கசிவு இருந்தால் சைக்ளோன் சரியாகப் பிரிக்காது. தூள் எல்லாம் நேராக ஃபில்டருக்குப் போகத் தொடங்கினால் முதலில் மூடியைப் பாருங்கள்.

இதே வேக்யூமில் இரும்பு கிரைண்டிங் தீப்பொறியை இழுக்கவே கூடாது. மரத்தூள் குவியலுக்குள் விழுந்த ஒரு பொறி சத்தமில்லாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். பட்டறை வீட்டுக்கு அடியில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஆளுயரத்தையும் தாண்டிய சைக்ளோன் யூனிட் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் ஷீட் மெட்டல் வேலை செய்கிறவர்களிடம் வரைபடம் கொடுத்தால் ஜிஐ தகட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில், செய்துகொடுத்துவிடுவார்கள். தூள் பிடிப்பதில் அதற்கு இணை இல்லை. ஆனால் மூன்று எச்பிக்கு மேல் மோட்டார், ஆறு அங்குலக் குழாய், ஏழெட்டு அடி உயரம். கார் ஷெட்டில் அதை வைத்தால் அப்புறம் மரத்தை எங்கே வைப்பது? மரவேலையே தொழிலாகிவிட்டவர்கள் யோசிக்கலாம்.

கரன்ட் விஷயம் சலிப்பானது, ஆனால் கடைசியில் முடிவை மாற்றக்கூடியது. வீட்டுச் சின்னப் பிளக் ஆறு ஆம்பியர். 230 வோல்ட்டில் 1,380 வாட் தாண்டினால் சூடேறும். பெரிய பிளக் பதினாறு ஆம்பியர், 3,680 வாட். டேபிள் சா 1,800 வாட், வேக்யூம் 1,100 வாட் என்றால் சேர்த்து 2,900. ஒரே பெரிய பிளக்கில் ஒப்பேறிவிடும். இரண்டு எச்பி பை மெஷின் ஓடும்போது இரண்டு கிலோவாட் பக்கம் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப் போல் ஐந்தாறு மடங்கு. டேபிள் சாவும் அதுவும் ஒரே லைனில் என்றால், லோடு கூடினால் கரன்ட்டை வெட்டும் எம்சிபி ஸ்விட்ச் விழுந்துகொண்டே இருக்கும். பெங்களூருக்குக் கரன்ட் கொடுக்கும் பெஸ்காம் நிறுவனம் உங்கள் வீட்டுக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்று பில்லிலேயே போட்டிருக்கும். அது மூன்று கிலோவாட்டாக இருந்து, காலையில் மேலே கீசரும் ஓடினால், பை மெஷினுக்குத் தனி லைன் இழுக்கும் எலக்ட்ரீஷியன் கூலியையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கூரையில் தொங்கவிடும் காற்று ஃபில்டர் பெட்டியையும் சிலர் கேட்கிறார்கள். மிதக்கும் தூளை மெதுவாக வடிகட்டும், உண்மைதான். ஆனால் அது அந்தத் தூளைப் பிடிப்பதற்குள் நீங்கள் பிடித்துவிடுவீர்கள், மூக்கால். ஷட்டரைத் திறந்துவைத்து, எதிர்ச் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை வேலை முடிந்தும் அரை மணி ஓடவிட்டால் இங்கே அதே பலன்.

எந்த மெஷின் வாங்கினாலும் முகக்கவசம் வேண்டும், என்95ஆவது. தாடி வைத்தவர்களுக்கு அது ஓரத்தில் கசியும். தாடியா கவசமா என்பது அவரவர் விருப்பம். லேத்தில் கடைசல் வேலை செய்கிறவர்கள் எதிலும் பணத்தைப் போடுமுன் யோசிக்க வேண்டும். பச்சை மரம் கடையும்போது சீவல் நாடா மாதிரி நாலு பக்கமும் பறக்கும். இந்த மெஷின் எதுவும் அதைப் பிடிக்காது, விளக்குமாறுதான். அங்கே கெடுதல் செய்வது கடைசியில் உப்புத்தாள் தேய்க்கும் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்குக் குழாய் வாயைப் பக்கத்தில் நிறுத்தினால் போதும்.

ஆக, தம்பிக்கு நான் சொன்னது இது. இப்போது வேக்யூம், சைக்ளோன், தடித்த டிரம், மூன்றையும் ஒரு சக்கரப் பலகையில் ஏற்றிக்கொள். மூன்றும் சேர்ந்தாலும் நீ பார்த்து வைத்த பை மெஷினின் விலையில் பாதிதான் வரும். டேபிள் சாவுக்கு அது பத்தாது, ஒத்துக்கொள்கிறேன். அதன் அடியில் உள்ள இரண்டரை அங்குல வாயில் மாட்டினால் கீழே விழுவது வரும், பிளேடுக்கு மேலே தெறிப்பது வராது. கவசம் போட்டு, ஷட்டரைத் திறந்துவைத்து வெட்டு. பிளானர் வாங்கும் அன்றைக்குப் பை மெஷினையும் வாங்கு, அறைக்கு வெளியே வை, நான்கு அங்குலக் குழாயை நேராக, எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாகப் போடு. வளைவு வேண்டுமென்றால் ஒரு தொண்ணூறு டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு நாற்பத்தைந்து. பிளானர் இப்போதே இருக்கிறவர்கள், கை மெஷின் அதிகம் தொடாதவர்கள், இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

"சரி அண்ணே, சாண்டர் வாய் முப்பத்தஞ்சு மில்லி, வேக்யூம் குழாய் வேற அளவு. எப்படி மாட்டறது?" என்றான்.

அதுதான் யாரும் பெட்டியில் அச்சடிக்காத விஷயம். இந்த மெஷின் உலகத்தில் எந்த இரண்டு வாயும் ஒன்றோடு ஒன்று பொருந்தாது. பிவிசி பைப் 110 மில்லி என்பார்கள், வெளி அளவு. நூறு மில்லி ஹோஸ் அதன் மேல் ஏறாது. அடாப்டர் தேடி ஊரெல்லாம் அலைந்துவிட்டு நான் கடைசியில் போய் நின்ற இடம் தெருமுனை சைக்கிள் கடை. பழைய ட்யூபை அரையடிக்கு வெட்டி, இரண்டு வாயின் மேலும் இழுத்து மாட்டி, ஒரு ஹோஸ் கிளிப்பைத் திருகினேன். இரண்டு வருடமாக அப்படியேதான் இருக்கிறது. தம்பியிடம் அதை எடுத்துக் காட்டியபோது தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எத்தனை இஞ்ச் சைக்கிளோடது?" என்று கேட்டு, ஃபோனில் குறித்துக்கொண்டான்.